பிட்ஸ்பர்கில் ஓர் உழக்கு

பிட்ஸ்பர்க்,
2025 பிப்ரவரி 9.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் பொங்கல் முடிந்த வாரத்தில் கைக்கு வந்தது. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. இந்தப் பருவத்தின் திட்டப்பணி தொடங்கிய நாள் முதல், காலையில் போனால் இரவு பத்து மணிக்குத்தான் அறைக்குத் திரும்புகிறேன். ஆனால் உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னங்களில் தடுமாறுவதைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கம் இந்த மூன்று வாரமும் என் பையிலேயே இருந்தது. எங்கள் வேலைக்குள்ளேயும் புகுந்துவிட்டது. அதற்கு வருவதற்கு முன் உன் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கணினி விளையாட்டுகளை உருவாக்கப் படிக்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டுமா, அங்கே போய் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று மாமா கேட்டாராம். கேட்டதில் தவறே இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து எனக்குக் கல்விக் கடன் வாங்கிக் கொடுத்த என் அப்பாவும் இதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டார். அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பருவம் முழுவதும் படித்து முடித்த இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நான் படிக்கும் இடம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் என்டர்டெயின்மென்ட் டெக்னாலஜி சென்டர். பல்கலைக்கழகத்தின் மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, மொனங்காஹேலா ஆற்றங்கரையில் இருக்கிறது. இந்தக் கரை முழுவதும் ஒரு காலத்தில் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் என்ற எஃகு ஆலையாக இருந்ததாம். இந்தக் கரையின் உலைகளில் உருக்கிய இரும்பைக் குழம்பாகவே ரயிலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோன பாலம் இன்னும் இருக்கிறது. அதன் பெயரே ஹாட் மெட்டல் பாலம்தான். இப்போது அதில் கார்களும் சைக்கிள்களும் போகின்றன, நானும் தினமும் நடந்து போகிறேன். இந்தத் துறையை 1990-களின் கடைசியில் தொடங்கியவர்கள் இருவர்: ராண்டி பாஷ் கணினித் துறைப் பேராசிரியர், டான் மாரினெல்லி நாடகத் துறைப் பேராசிரியர். கணினிக்காரரும் நாடகக்காரரும் சேர்ந்து தொடங்கியதால்தான், பொறியியல் படித்துவிட்டு வந்த என்னையும் முதல் பருவத்தில் மேடையில் ஏற்றி, எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல் நடிக்கச் சொன்னார்கள். எதிரில் நிற்பவர் “இதோ பார், கப்பல் மூழ்குகிறது” என்றால், “இங்கே கப்பலே இல்லையே” என்று மறுக்கக் கூடாது. மூழ்குகிறது என்று ஏற்றுக்கொண்டு, அதன்மேல் நாம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எனக்கு இது எதற்கென்றே புரியவில்லை. குழுவாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான், அடுத்தவர் சொன்ன யோசனையை முளையிலேயே கிள்ளாமல் இருக்கும் பழக்கத்தை அந்த மேடையில் கற்றிருக்கிறோம் என்று தெரிந்தது.

முதல் பருவத்தின் பெரிய பாடம் ‘பில்டிங் வெர்ச்சுவல் வேர்ல்ட்ஸ்’. நான்கைந்து பேர் ஒரு குழு. ஒருவர் படம் வரைபவர், ஒருவர் ஒலி அமைப்பவர், என்னைப் போன்றவர்கள் புரோகிராமர்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு சிறிய மெய்நிகர் உலகத்தை உருவாக்கிக் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் குழு கலைந்துவிடும், வேறு ஆட்களோடு வேறு உலகம். இதில் இரண்டாவது சுற்றுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. எதுவுமே தெரியாத ஒரு விருந்தாளி வந்து, கண்களை மூடி அந்த உலகத்தைக் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொள்வார். நாம் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. திரையில் ‘இங்கே போ, இதை எடு’ என்று எழுதிக் காட்டவும் கூடாது. ஆனாலும் நாம் நினைத்ததை அவர் செய்ய வேண்டும், அதுவும் தானாகவே செய்ததாக உணர வேண்டும். 

நாங்கள் இரவில் ஆற்றில் போகும் ஒரு படகைச் செய்திருந்தோம். படகின் முன்பக்கத்தில் ஒரு விளக்கு. விருந்தாளி அதைக் கையில் எடுத்து உயர்த்தினால் கரையோரத்து மரங்களிலிருந்து மின்மினிகள் கூட்டமாகப் புறப்பட்டு வரும். அந்த மின்மினிகளுக்காக நான் நான்கு இரவுகள் விழித்திருந்தேன். ஹெட்செட்டில் ஒரு விநாடிக்கு 90 முறை படம் மாற வேண்டும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் 11 மில்லி விநாடிதான் நேரம். அதற்குள் கணினி வரைந்து முடிக்கவில்லை என்றால் பார்ப்பவருக்குத் தலை சுற்றிக் குமட்டும். ஆயிரக்கணக்கான மின்மினிகளை அந்த நேரத்துக்குள் அடக்கியதில் எனக்கு நிரம்பப் பெருமை. சோதித்துப் பார்ப்பதற்காக வெளியிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். ஹெட்செட்டை மாட்டியதும் முழுதாகத் திரும்பி, விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு நிமிடம் அப்படியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, திரும்புங்கள்” என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லக் கூடாது. மின்மினிகளில் ஒன்றையும் பார்க்காமலே அவர் ஹெட்செட்டைக் கழற்றி, அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு குழுவில் யாரும் சாப்பிடவில்லை. எங்கள் ஒலி அமைப்பாளர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: துடுப்பு நீரில் விழும் சத்தத்தைப் பின்பக்கத்தில் வைத்திருந்தோம், அந்த உலகத்தில் ஓங்கிக் கேட்ட சத்தம் அது ஒன்றுதான். மனிதன் சத்தம் வரும் பக்கம்தானே திரும்புவான்? துடுப்புச் சத்தத்தைத் தணித்தோம். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தவளையை உட்கார வைத்து, அது இருமுறை கத்திவிட்டு விளக்கை நிமிர்ந்து பார்க்கும்படி செய்தோம். அடுத்து வந்த ஆறு பேரில் ஐந்து பேர் தவளையைப் பார்த்தார்கள், தவளை பார்த்ததைப் பார்த்தார்கள், விளக்கை எடுத்தார்கள். என் நான்கு இரவுகளைக் காப்பாற்றியது அந்தத் தவளைதான். மாமாவிடம் இதைச் சொல். இங்கே நான் படிப்பது இதுதான்: பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியாத ஒரு மனிதருக்கு, பொருள்களின் மூலமாகவும் விதிகளின் மூலமாகவும் சொல்லித்தருவது எப்படி என்பது.

நம் தெருவில் டிவி கேம் வாங்கிய முதல் வீடு உன்னுடையது, நினைவிருக்கிறதா? அதில் மாரியோ என்ற ஆட்டத்தை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஆங்கிலப் பெட்டியோடு வழிகாட்டிப் புத்தகம்கூட வரவில்லை. ஆனாலும் முதல் நாளே ஆடினோம். 1985-இல் அதை உருவாக்கிய ஷிகேரு மியமோட்டோவும் அவருடைய குழுவினரும் அந்த முதல் கட்டத்தை எப்படி அமைத்தார்கள் என்று இப்போது ஒவ்வொரு அடியாகப் பிரித்துப் படிக்கிறோம். தொடங்கியதுமே முறைத்த முகத்தோடு ஒன்று நம்மை நோக்கி நடந்து வருகிறது. குதிக்காவிட்டால் சாவோம், ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை, உடனே மறுபடியும் தொடங்கலாம். அதைத் தாண்டிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வருகிறது. அது வலப்பக்கம் ஓடிக் குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வருகிறது, தலைக்குமேல் பெட்டிகள் இருப்பதால் குதித்துத் தப்புவதும் கடினம். பயந்துகொண்டே அதில் மோதினால் நாம் பெரிதாகிவிடுகிறோம்! காளான் நல்லது என்று இப்படித்தான் நாம் கற்றோம். கரும்பலகையில் ஒரு வரியும் எழுதாத ஆசிரியர் ஒருவர் ஜப்பானில் இருந்துகொண்டு நம் இருவருக்கும் வகுப்பு எடுத்திருக்கிறார்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, இப்போது பரவாயில்லை. மாணவ விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பல்கலைக்கழகத்துக்குள் வேலை செய்யலாம் என்பதால், சனி ஞாயிறுகளில் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மளிகைச் செலவுக்குச் சரியாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பென் ஹில்ஸில் உள்ள வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போகிறோம். 1976-இல் கட்டிய கோயில், இந்த நாட்டிலுள்ள பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அங்கே கிடைக்கும் புளியோதரையைச் சாப்பிட்டால் இரண்டு நாளைக்கு ஊர் நினைவு வராது. மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக வரும்.

வேலையைப் பற்றிய கவலை இருக்கிறது, உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், நாங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளைச் செய்யும் யூனிட்டி நிறுவனம் ஏறத்தாழ 1,800 பேரையும் வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தன. படிப்பு முடிந்ததும் எங்களுக்கு 12 மாதம் வேலை செய்ய அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம். அதற்குள் நிலையான வேலை ஒன்று அமைய வேண்டும். கோடைப் பயிற்சிக்காக இதுவரை முப்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நான்கு இடத்திலிருந்து பதில் வந்தது, நான்கும் இல்லை என்ற பதில். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இனி உன் பின்னங்களுக்கு வருகிறேன். இந்தப் பருவத்தில் வகுப்புகள் குறைவு. ஆறு பேர் கொண்ட குழுவாகப் பருவம் முழுவதும் ஒரே விளையாட்டைச் செய்ய வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்பிக்கும் விளையாட்டு. இங்கே எல்லோரும் முதலில் நினைப்பது பீட்சாவை வெட்டுவதைத்தான். நாங்களும் அதையே நினைத்தோம். அந்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரிது என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள், எட்டு பெரிய எண் அல்லவா என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் என் ஆச்சி நினைவுக்கு வந்தாள். ஆச்சி எட்டில் ஒன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை, அரைக்கால் என்பாள். காலில் அரை. அந்தச் சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு அது காலைவிடப் பெரிது என்று தோன்ற வழியே இல்லையே! சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆச்சியின் அடுக்களையில் அந்தக் கணக்கு பித்தளையாகவும் இருந்தது: படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு.

மறுநாள் குழுவில் இதை வரைந்து காட்டினேன். சீனாவிலிருந்து வந்திருக்கும் எங்கள் ஓவியர் அன்றைக்கே நான்கு பாத்திரங்களையும் வரைந்துவிட்டார். விளையாட்டு இப்படிப் போகிறது: ஒரு பாட்டி முக்கால் படி அரிசி கேட்கிறாள். உரியால் ஒருமுறையும் உழக்கால் ஒருமுறையும் அளந்து போட்டால் சரியாக வரும். அடுத்த நாள் உரி காணவில்லை. அதே முக்காலை உழக்கால் மூன்று முறை அளக்க வேண்டும். அதற்கடுத்த நாள் ஆழாக்கு மட்டும்தான் இருக்கிறது, ஆறு முறை அளக்க வேண்டும். நாலில் மூன்றும் எட்டில் ஆறும் ஒன்றுதான் என்பதைச் சொல்லாமலே கை அறிந்துகொள்கிறது. ஒலி அமைப்பாளர் அரிசியைப் பாத்திரங்களில் கொட்டிப் பதிவு செய்தார்; பாத்திரம் நிரம்ப நிரம்பச் சத்தத்தின் சுருதி ஏறுவதால், திரையைப் பார்க்காமலே பிள்ளைகள் சரியான இடத்தில் நிறுத்துகிறார்கள். ஒரு குறை இன்னும் தீரவில்லை. பாதி பாதியாகக் குறையும் இந்தப் பாத்திரங்களை வைத்து மூன்றில் ஒன்றைக் காட்ட முடியாது, பிள்ளைகள் அதிகம் தவறுவதோ அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போதுதான். இதற்காகப் புதிதாக ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்யலாம் என்கிறார்கள் மற்றவர்கள். ஆச்சியின் வரிசைக்குள் அப்படி ஒன்றை நுழைக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

உன்னால் ஒரு பெரிய உதவி ஆக வேண்டும். இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் ஆடும் வடிவத்தை ஆறு தாள்களாக வைத்திருக்கிறேன். பாத்திரங்களைக் கோடு வழியாக வெட்டிக்கொள்; அரிசிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போதும், ஓர் ஆழாக்குக்கு ஒரு கொட்டை. வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் இரண்டு பிள்ளைகளையும், நீ கவலைப்பட்டு எழுதியிருந்த அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து ஆடச் சொல். முதல் தாளை அவர்கள் முன்னால் வைத்ததோடு உன் வேலை முடிந்தது. தவறாக அளந்தாலும் திருத்தாதே, “டீச்சர், இது சரியா?” என்று கேட்டால் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று மட்டும் கேள். எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள், எங்கே உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து அனுப்பு. மார்ச் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் எங்கள் அடுத்த மதிப்பீட்டுக்கு முன்பே திருத்திவிடலாம்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி