தாயும் மகளும் சேர்ந்து படிக்க ஒரு பை நாவல்: பொது நூலகத் துறை இயக்குநருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலக உறுப்பினர்கள். எட்டு அம்மாக்கள், எட்டு மகள்கள். பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் படிக்கிறார்கள். அம்மாக்களில் ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், ஒருவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார், இரண்டு பேர் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார்கள். மாதம் ஒரு சிறார் நாவலை வீட்டில் அம்மாவும் மகளும் படிப்போம். அப்புறம் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம்.

உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே சிறார் நாவலின் பத்துப் பிரதிகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை எங்களைப் போன்ற ஒரு குழுவுக்கு ஒரு மாதம் இரவல் கொடுங்கள். மாதம் முடிந்ததும் பை அடுத்த கிளை நூலகத்துக்குப் போகட்டும். அந்த மாதத்துப் பேச்சுக்கு நூலகத்திலேயே ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு முக்கியமாகக் கேட்கிறோம் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். பேசும் மரப்பாச்சி பொம்மையின் துணையோடு, தனக்கு நேரும் தவறான தொடுதலைப் பற்றி ஒரு சிறுமி வாய் திறக்கும் கதை. அதைப் படித்த மாதம் பேச்சை யார் தொடங்குவது என்று அம்மாக்களுக்குத் தயக்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அந்தச் சிறுமி ஏன் முதலிலேயே சொல்லவில்லை, வீட்டில் யார் நம்பியிருப்பார்கள், பொம்மை இல்லாத பிள்ளை யாரிடம் போகும் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு அம்மா, தான் ஒன்பதாவது படிக்கும்போது டியூஷனை நிறுத்தியதற்கான காரணத்தைச் சொன்னார். மகளுக்கு அது அன்றுவரை தெரியாது. “நீ ஆச்சிகிட்டகூடச் சொல்லலையாம்மா?” என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் அந்த வகுப்பில் அம்மா இருப்பதில்லை. வீட்டில் அம்மா நேராக உட்கார வைத்து “உன்னிடம் யாராவது...” என்று ஆரம்பித்தால் பிள்ளை எழுந்து போய்விடுகிறது. கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் கூச்சம் குறைகிறது. இருவரும் ஒரே பக்கங்களைப் படித்திருக்கிறார்கள், ஒரே இடத்தில் பயந்திருக்கிறார்கள். மாதவிடாய், நிறம், சாதி, தோழியோடு வந்த சண்டை எல்லாவற்றையும் நாங்கள் இந்த வழியாகத்தான் பேசத் தொடங்கினோம்.

இன்னொன்று. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பின்னணியாகக் கொண்ட நாவல். 2023இல் அதே விருதைப் பெற்றது. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் அக்கா ஒருவருக்குச் சிவகங்கைப் பக்கம் பிறந்த ஊர். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். கூட்டத்துக்கு வந்தால் எப்போதும் கடைசியில்தான் உட்காருவார். அன்றைக்கு அவர்தான் பேசினார். உழும்போது கறுப்பும் சிவப்புமாக ஓடு ஓடாக மேலே வருமாம், சிறுவயதில் அதை வைத்துத்தான் பாண்டி ஆடுவார்களாம். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தன் அம்மாவுக்குத் தெரிந்தது வகுப்பில் யாருக்கும் தெரியாது என்று அவர் மகளுக்கு முகமெல்லாம் பெருமை. அந்தப் பெண் இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அம்மாவுக்கு வேகம் குறைவு, கதையைப் பிடித்துக்கொள்வதில் மகளைவிட வேகம்.

இது தமிழ் நாவலால் மட்டுமே நடந்தது. ஆங்கிலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள் வரிசை வரிசையாக வருகின்றன, ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் படிக்கவும் செய்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் புத்தகத்தோடு மகள் தனியாகிவிடுகிறாள். அம்மா அட்டையைத் தடவிப் பார்த்து வைத்துவிட வேண்டியதுதான். தமிழ்ப் புத்தகம் என்றால் இருவரும் சம உரிமையோடு உள்ளே போக முடிகிறது.

அம்மாவும் மகளும் கூடிப் படிப்பது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டனில் ஷிரீன் டாட்சன் என்ற தாய், தன் மகளோடும் மற்ற தாய்-மகள்களோடும் இப்படி ஒரு குழு நடத்திய அனுபவத்தை 1997இல் புத்தகமாகவே எழுதினார். அந்த நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில், வாசிப்புக் குழுக்களுக்கென்று ஒரே நூலின் பல பிரதிகளைப் பையில் கட்டி இரவல் தருகிறார்கள். அது இங்கே முடியாத காரியம் அல்ல. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தை ஊர் ஊராக ஓட்டியிருக்கிறார், அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்பது நூலகங்களுக்கென்று அவர் அதே ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது. வண்டி கட்டிக்கொண்டு போன ஊரில் ஒரு பையை அனுப்புவது பெரிய வேலையாக இருக்காது என்று நம்புகிறோம். உங்கள் துறையிலேயே நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுகளுக்குப் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். வழி ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது எங்கள் நிலைமை இப்படி. நூலகத்தில் ஒரு நாவல் இருந்தால் ஒரு பிரதிதான் இருக்கும். எட்டு வீடுகளுக்கும் அது சுற்றி வருவதற்குள் முதலில் படித்தவர்களுக்குப் பாத்திரங்களின் பெயரே மறந்துவிடுகிறது. விலைக்கு வாங்கலாம்தான். தமிழ்ச் சிறார் நாவல் நூறு ரூபாய்க்கு மேல், சில நேரம் இருநூறு வரை போகிறது. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் அது நியாயமான விலைதான், அதில் எங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் வாரக் கூலியில் குடும்பம் நடத்தும் அம்மா மாதாமாதம் அதை எடுத்து வைக்க முடியாது. நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எழுத்தாளரின் உழைப்பை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளே மறுத்துவிட்டார்கள். பத்துப் பிரதிகள் என்றால் துறைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு பை ஆண்டு முழுக்கச் சுற்றினால் பன்னிரண்டு ஊர்களுக்குப் பயன்படும். நல்ல சிறார் நாவல் எழுதுகிறவருக்கும் அதைப் போடுகிற சின்னப் பதிப்பகத்துக்கும் அது ஒரு கை கொடுத்தது போலவும் ஆகும்.

அலமாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நூலகத்துச் சிறுவர் பகுதியில் பஞ்சதந்திரம், தெனாலிராமன், தலைவர்கள் வரலாறு, படக்கதைகள் எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கின்றன. ஆறு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் அதுவேதான். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு நூல்கள் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவற்றை விரும்பிப் படித்தார்கள். ‘பற’ வரைக்கும் வந்த பிள்ளைக்கு அடுத்து நூறு, நூற்றைம்பது பக்கத்து நாவல் தேவைப்படுகிறது. அந்த இடத்தில் அலமாரி காலியாக இருக்கிறது. அங்கிருந்து நேராகப் பெரியவர்களின் சரித்திர நாவலுக்குத் தாவுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவர்கள் அப்படியே படிப்பதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் காலத்தில் இந்த இடைவெளியைக் கோகுலம் போன்ற இதழ்களின் தொடர்கதைகள் நிரப்பின. 1972இல் தொடங்கிய கோகுலத்தின் அச்சு இதழும் 2020இல் நின்றுபோனது. எழுத ஆள் இல்லாமல் இல்லை. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இல் புரஸ்கார் பெற்றிருக்கிறது. விருதுச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறோம், புத்தகம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதில்லை. பத்து வயதிலிருந்து பதின்மூன்று வரையுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு அடுக்கு, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

இடம் கேட்பதற்கும் காரணம் உண்டு. சாயங்காலம் எங்கள் நூலகத்தில் நாளிதழ் படிக்கும் பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது, அவர்களை எழுப்பச் சொல்லவில்லை. ஆனால் பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் அந்தக் கூட்டத்துக்குள் தனியாகப் போய் உட்கார வீட்டில் விடமாட்டார்கள், அவளுக்கும் கூச்சம். ஆறாம் வகுப்பு வரை நூலகத்துக்கு ஓடி வந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் காணாமல் போவதை எந்த நூலகரைக் கேட்டாலும் சொல்வார். அம்மாவோடு வந்தால் அவளுக்கு வாசல் திறந்தே இருக்கும். சொல்லப்போனால், எங்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழுவால்தான் முதன்முதலாக நூலக உறுப்பினர் அட்டை கிடைத்தது.

பையன்களுக்கு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கண்டிப்பாக வேண்டும். அப்பாவும் மகனும் ஒரு பையை எடுத்துப் போகும் நாள் வந்தால் நாங்கள்தான் முதலில் கைதட்டுவோம். எங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நூலகர்களின் சுமையும் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரே ஆள்தான் திறக்கிறார், அடுக்குகிறார், பதிவேடு எழுதுகிறார். அதனால் பையின் பொறுப்பை அவர் தலையில் வைக்க வேண்டாம். குழுவில் ஒரு அம்மா கையெழுத்துப் போட்டு வாங்குவார், கூட்டத்துக்கு முன்னும் பின்னும் எண்ணி வைப்பார். ஒரு பிரதி தொலைந்தால் குழு வாங்கி வைக்கும். நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழேயே தாய்-மகள் வாசிப்புக் குழுவைப் பதிவு செய்ய ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் இந்தியாவுக்கே முன்மாதிரி. அந்தச் சட்டத்தால் இன்றும் நாங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. சென்னை கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்திலும் மதுரை நூலகத்திலும் குழந்தைகளுக்காக நீங்கள் அமைத்திருக்கும் தளங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். மதுரைக்குப் பேருந்தில் போய் வந்த பிள்ளைகள் ஒரு வாரம் அதையேதான் பேசினார்கள். அங்கே போக முடியாத ஊர்களுக்குப் பத்துப் புத்தகம் கொண்ட பை வரட்டும்.

ஒரு மாவட்டத்தில், பத்துக் கிளை நூலகங்களில், வரும் கோடை விடுமுறையில் தொடங்கிப் பாருங்கள். எந்தெந்த நாவல்கள் என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள், பிடிக்காதவற்றுக்கும் காரணத்தோடு. அதை எங்கள் நூலகர் வழியாக மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். தேர்வுக் குழுவில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்க விரும்பினால், எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தாய்-மகள் வாசிப்புக் குழுவினர்