லாச்சப்பலில இருந்து ஏறி நட, ராசா

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதிறன். இஞ்ச எல்லாரும் சுகம், நீயும் சுகமா இருக்க வேணுமெண்டு நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறன். போனில கதைச்சா நீ வேலைக் களைப்பில "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டுறதோட நிண்டுபோகும், அதால இதை வட்ஸ்அப்பில நீட்டா எழுதிறன், மெற்ரோவில போகேக்க ஆறுதலா வாசி. ஒரு விசயம்தான். உனக்கு லீவு வாற திங்கட்கிழமை பரிஸில இருக்கிற மொன்மார்த் மலைக்கு நடந்து ஏறு. உச்சியில இருக்கிற சாக்ரே கேர் வேதக்கோயிலுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுறதுக்கு இல்லை, பின்னால இருக்கிற ஒழுங்கையளுக்குள்ள நடக்கிறதுக்கு.

எத்தினை வருசமா எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில வேலை செய்யிறாய், அந்த மலை உன்ர றெஸ்ரோறன்ற் வாசலில இருந்து அரை மணித்தியால நடை கூட இல்லை, நீ ஒருக்காத்தான் ஏறினனி, அதுவும் கனடாவில இருந்து வந்த சித்தப்பா ஆக்களுக்கு இடம் காட்ட. நான் போன வைகாசியில உன்னட்ட வந்து நிண்டபோது நீ காலமை போனா இரவுதானே வாறனி, நான் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டிட்டு அப்பிடியே நடக்கத் தொடங்கினனான். லாச்சப்பல் மெற்ரோவில இருந்து மேலால ரெயின் ஓடுற அந்த இரும்புப் பாலத்துக்குக் கீழால நேர பார்பேஸ் மட்டும் போ. புதனும் சனியும் எண்டால் பாலத்துக்குக் கீழ சந்தை, ஆபிரிக்கச் சனம், அரபுச் சனம், கத்தரிக்காயில இருந்து புதினா மட்டும் எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை மாதிரித்தான் கத்தி விக்கிறாங்கள். பார்பேஸ் தாண்டி வலக்கைப் பக்கம் திரும்பினா துணிக்கடையள், மீற்றர் கணக்கில வெட்டிக் குடுக்கிற கடை, தங்கச்சிக்கு நான் கொண்டுவந்த அந்த நீலத்துணி அங்க எடுத்ததுதான். அதுக்குப் பிறகு படி.

படி ஏற முதல் அந்தச் சரிவில இருக்கிற பூங்காவின்ர பேரை வாசி. லூயிஸ் மிஷேல். அவ மொன்மார்த்தில பள்ளிக்கூட ரீச்சரா இருந்தவ. 1871 பங்குனியில ஆமிக்காரர் அந்த மலையில நிண்ட பீரங்கியளை எடுக்க வர ஊர்ச்சனம், முக்கியமாப் பொம்பிளையள், திரண்டு நிண்டு மறிச்சவை, அதிலதான் பரிஸ் சனம் தாங்களே நகரத்தை ஆண்ட பரிஸ் கொம்யூன் தொடங்கினது. வைகாசி முடியிறதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கி ஆயிரக்கணக்கில சனத்தைக் கொன்றுபோட்டாங்கள், லூயிஸ் மிஷேலைப் பசிபிக் கடலில இருக்கிற நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினவங்கள், அங்கயும் போய் அவ அந்த ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவ. அந்தப் பீரங்கி நிண்ட மலை உச்சியிலதான் 1875இல இந்த வெள்ளைக் கோயிலைக் கட்டத் தொடங்கினது. நான் படியில இருந்து அதை யோசிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தனான். ஒரு ரீச்சரின்ர பேர் அந்த இடத்துக்கு வைச்சிருக்கிறாங்கள் எண்டுறது எனக்குச் சரியான சந்தோசம்.

மேல போனா கோயிலைக் கும்பிட்டிட்டு மற்றப் பக்கம் போ. படம் கீறுறவை இருக்கிற சதுக்கம் வரும், நகரசபை அனுமதியோட ஆளுக்கு ஒரு சதுர மீற்றர் இடம், அதையும் ரெண்டு பேர் மாறி மாறிப் பாவிக்கினம். உன்ர முகத்தைக் கீறட்டோ எண்டு வருவினம், வேண்டாமெண்டு சொல்லிட்டு நட. அங்க மினக்கெடாத.

இந்த மலை 1860 மட்டும் பரிஸுக்குள்ளயே இல்லை, தனி ஊர். காற்றாலையள், முந்திரிகைத் (திராட்சை) தோட்டம், ஜிப்சம் கல்லுக் கிண்டுற குழியள். பள்ளிக்கூடத்தில நாங்கள் பிளாஸ்ரர் ஒப் பரிஸ் குழைச்சு அச்சு வாத்தமே, ஞாபகமோ, அந்தப் பேர் வந்தது இந்தக் குழியளாலதான். பரிஸ் எல்லைக்கு வெளிய எண்டபடியா வைனுக்கு நகர வரி இல்லை, வீட்டு வாடகையும் குறைவு, பட்டணத்துக்குள்ள இருக்க வழியில்லாத சனம் எல்லாம் மேல ஏறினது, அந்தச் சனத்துக்குப் பிறகுதான் ஓவியர்மாரும் வந்தவை. மலையின்ர அழகைப் பாத்து வந்தவையெண்டு நினைக்காத, வாடகை குறைவெண்டு வந்தவை, உங்கட பெடியள் நாலு பேர் சேந்து ஒரு அறை எடுக்கிற மாதிரி.

ஓவியர் பிக்காசோ இருந்த பத்தோ லாவுவார் எண்ட கட்டிடத்தைக் கட்டாயம் பார். 1904இல இருந்து 1909 மட்டும் அதில இருந்தவர். பலகையால அடிச்ச கட்டிடம், மாரியில ஐஸ், கோடையில அவியும், அத்தினை பேருக்கும் ஒரே ஒரு தண்ணிப் பைப். 1907இல உலகத்தில எல்லாரும் கதைக்கிற அந்த அவிஞ்ஞோன் பெண்கள் படத்தை அந்தப் பலகைக் கூட்டுக்குள்ள இருந்துதான் கீறினவர். அந்தக் கட்டிடம் 1970இல எரிஞ்சு போச்சு. 1978இல கொங்கிறீற்றில திருப்பிக் கட்டி, ஓவியர்மாருக்குத்தான் வேலை செய்யக் குடுத்தவை. முன்னால நிண்டு அந்தக் கண்ணாடிக்குள்ள ஒட்டியிருந்த பழைய படங்களைப் பாக்க எனக்கு எங்கட யாழ்ப்பாண லைப்ரரிதான் கண்ணுக்குள்ள வந்தது. அங்க தீப்பிடிச்சு எரிஞ்சது, இஞ்ச 1981இல வேணுமெண்டு கொளுத்தினது, 97,000 புத்தகம் எண்டுவினம், ரெண்டும் ஒண்டில்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா எரிஞ்ச இடத்தில திரும்பவும் அதே வேலையை நடத்துறதெண்டு ஒரு ஊர் நினைச்சதை நான் மதிக்கிறன்.

லெப்பிக் தெரு 54ஆம் நம்பர் வீட்டையும் ஒருக்கா நிமிந்து பார். ஓவியர் வான்கோவும் தம்பி தியோவும் 1886இல இருந்து 1888 மட்டும் இருந்த வீடு. தியோ ஓவியம் விக்கிற கடையில சம்பளத்துக்கு வேலை செய்து அண்ணனுக்கு வாடகை, சாப்பாடு, பெயின்ற் எல்லாம் பாத்தவன். ராசா, எங்கட வீட்டில தியோ நீதான். அக்கான்ர கலியாணம், வீட்டு ஓடு மாத்தினது, அப்பான்ர ஒப்பரேசன், தங்கச்சி கம்பஸ் படிச்சது, எல்லாம் உன்ர கையாலதான். அதை நான் ஒரு நாளும் மறக்கமாட்டன். அதாலதான் கேக்கிறன், கிழமையில ஒரு பின்னேரம் எண்டாலும் நீ அந்த மற்ற ஆளாயும், கீறுற வான்கோவாயும் இருந்து பார்.

நான் இதெல்லாம் எழுதிறதுக்குக் காரணமே கொர்த்தோ தெரு 12ஆம் நம்பர்தான், இப்ப மொன்மார்த் மியூசியம். அதில சூசான் வலதோன் எண்டு ஒரு பொம்பிளை இருந்தவ. தாய் உடுப்புத் தோய்க்கிறவ, தேப்பன் ஆரெண்டு இல்லை. சின்ன வயசில சேர்க்கஸில ஊஞ்சலாடி விழுந்து முதுகு அடிபட்டு அந்த வேலையும் போய், ஓவியர்மாருக்கு மொடலா நிண்டு உழைச்சவ. ரெனுவார் அவவைக் கீறியிருக்கிறார், துலூஸ் லொத்ரெக் கீறியிருக்கிறார். ஆருமே அவவுக்குப் படிப்பிக்கேல்லை, நிக்கேக்க அவையின்ர கையைப் பாத்துப் பாத்துத் தானாப் பழகினவ. டெகா எண்ட ஓவியர் அவ கீறின கோட்டுப் படங்களைப் பாத்திட்டு வாங்கினவர். அவவின்ர மகன்தான் மொரிஸ் ஊத்ரியோ. பதினெட்டு இருபது வயசிலயே குடி முத்திப்போன பிள்ளை, வைத்தியசாலையும் வீடுமா அலைஞ்சது. அந்தத் தாய்தான் மகனின்ர கையில பிரஷைக் குடுத்துக் கீறப் பண்ணினவ. அவர் பெரிய மாளிகை ஒண்டும் கீறேல்லை, தன்ர ஒழுங்கை, தன்ர மூலைக் கடை, வெறும் மதில். மதிலின்ர வெள்ளை சரியா வரவேணுமெண்டு பெயின்றுக்குள்ள பிளாஸ்ரரைக் கலந்தவர். நான் இத்தினை வருசம் சித்திரம் படிப்பிச்சனான், வெள்ளையை விட்டுவிடு, பேப்பரே வெள்ளைதானே எண்டுதான் எல்லாரும் பிள்ளையளுக்குச் சொல்லுறது. இவர் அந்த வெள்ளைக்குத்தான் பாடுபட்டிருக்கிறார். அழுக்கு வெள்ளை, ஈரம் ஊறின வெள்ளை, புதுசா அடிச்ச வெள்ளை. மியூசியத்தில வலதோன்ர அறையை அப்பிடியே ஒழுங்குபடுத்தி வைச்சிருக்கு, பெரிய ஜன்னல், ஈசல், அடுப்பு. தாயும் மகனும் அதுக்குள்ள நிண்டு கீறினதை நினைக்க என்னால வெளிய வர ஏலாமக் கிடந்தது.

வெளிய வந்து இறங்கினா ஊத்ரியோ கீறின றோஸ் கலர் வீடு, அதுக்குக் கீழ முந்திரிகைத் தோட்டம். எங்கட மாதிரிப் பந்தல் இல்லை, நிரை நிரையா இடுப்பளவு உயரத்தில கம்பி கட்டி விட்டிருக்கு. அந்தக் காணியில கட்டிடம் எழும்பாமல் இருக்க வேணுமெண்டு 1933இல நட்டதாம், இண்டைக்கும் ஒக்டோபரில பழம் பிடுங்கிற திருவிழா நடக்குது. ஊத்ரியோவை அடக்கம் பண்ணினதும் பக்கத்திலதான், சாங் வென்சான் சேமக்காலையில.

இஞ்ச வந்தபிறகு நான் பின்னேரத்தில சுண்டிக்குளியில இருந்து பிரதான வீதியால குருநகர் மட்டும் நடக்கிறனான். கூத்தும் நாடகமும் போடுற திருமறைக் கலாமன்ற வாசலில சில நாள் மத்தளச் சத்தம் கேக்கும். அந்தப் பக்கத்தில கடலுக்குப் போறவை கூத்தில ராச வேசம் கட்டி விடிய விடியப் பாடுவினம், கூத்துப் பழக்கிற அண்ணாவியார் பிழை பிடிச்சா நூறு தரம் திருப்பிப் பாடுவினம், ஆரும் இவைக்குச் சம்பளம் குடுக்கிறேல்லை. காறை பேந்த மதிலுகளைப் பாத்துப் பாத்து இப்ப நானும் கீறுறன், உன்ர அப்பா பக்கத்தில நிண்டு குடை பிடிக்கிறார்.

உன்ர அறையில மேசை துடைக்கேக்க நான் கண்டனான். ஓடர் எழுதிற அந்தச் சின்னத் துண்டுகளின்ர பின்பக்கத்தில நீலப் பேனையால வெங்காயம் வெட்டுற பெடியன், அவன்ர குனிஞ்ச முதுகு, கத்தி பிடிச்ச பெருவிரல். அந்தப் பெருவிரல் வடிவா வந்திருக்குது ராசா. நகத்தில இருந்த வெடிப்பைக் கூட விடேல்லை. நான் உனக்குச் சொல்லேல்லை, எடுத்த இடத்தில வைச்சிட்டன். மலிவா வாடகை அறை குடுத்த காலம் இப்ப அந்த மலையில இல்லை, அங்க போய் இரு எண்டு நான் சொல்லேல்லை, வேலையை விடு எண்டும் சொல்லேல்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு ஏறு, காசு ஒண்டும் முடியாது.

படியடியில கையில நூல் கட்டிப்போட்டுக் காசு கேக்க வருவாங்கள், கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போ. பேர்ஸைக் கவனம். நல்ல சப்பாத்துப் போடு, கல்லு ரோட்டு. அடுத்த மாதம் மாமி வாறா, அவவிட்ட பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் ரெண்டு சித்திரக் கொப்பியும் குடுத்து விடுறன். முதல் ஒரு மதில் கீறு. போட்டோ எடுத்து அனுப்பு, கோடு எங்க பிழைச்சிருக்கெண்டு நான் பாத்துச் சொல்லுறன்.

அன்புடன்
அம்மா