இலையின் அடிப்புறம்

மைபாரா, ஜப்பான்,
ஏப்ரல் 16

அன்புள்ள வாத்தியாருக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு பதில் வருகிறது என்றால் நீ என்னை என்னவென்று திட்டுவாய் என்பது தெரியும். உன் சிரமத்தைக் குறைக்க நானே இருமுறை திட்டிக்கொண்டேன். இங்கே மூவரும் நலம். நெட்டையன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாமே, அவனைப் பற்றித் தனியாக எழுது.

கோத்தகிரி வேலியோரத்தில் நிற்கும் செடியைப் படமெடுத்து அனுப்பி, இது மாசிப்பத்திரிதானா, அரைத்து அம்மாவின் முழங்காலுக்குப் பற்றுப் போடலாமா என்று கேட்டிருந்தாய். பத்து நாளுக்கு முன்பாக இருந்தால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆமாம் என்று எழுதியிருப்பேன். இப்போது எழுதுவதாக இல்லை.

அதே குலத்துச் செடிக்கு இங்கே யொமோகி என்று பெயர். நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை; கசக்கி முகர்ந்தால் அதே குடும்ப வாசனைதான், ஆனால் கொஞ்சம் கற்பூரமும் கசப்பும் கூடியிருக்கும். வசந்தம் பிறந்ததும் அடுத்த வீட்டுப் பாட்டி இளந்தளிராகக் கிள்ளி வந்து, சிட்டிகை சோடா உப்புப் போட்டு வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, வெந்த பசையரிசியோடு உரலில் இடித்துக் குசாமோச்சி என்னும் பச்சைக் கொழுக்கட்டை செய்வார். இந்த ஆண்டு நானே பறித்து வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய் ஒரு பை நிறைய நிரப்பி வந்தேன்.

பாட்டி செய்தித்தாளை விரித்து இலைகளைக் கொட்டினார். அம்மா அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு இலைகளைத் தனியே ஒதுக்கிக் காகிதத்தில் மடித்தார், எழுந்துபோய்க் கை கழுவினார், பிறகுதான் வாயைத் திறந்தார்: தொரிக்காபுத்தோ. நம்மூர் வச்சநாபியின் நெருங்கிய உறவு அது. சித்த வைத்தியரே சுத்தி செய்யாமல் தொட மாட்டாத விஷம். மகளுக்கு ஆறு வயது என்பதை நினைத்தபோது என் கைகால் சில்லிட்டுப் போயிற்று. இரண்டின் இளந்தளிரும் ஒரே மாதிரி பிளவுபட்டிருக்கும். ஒரே பைக்குள் கிடந்ததால் எல்லாமே யொமோகியாகவே மணத்தன, ஆகையால் என் பேர்போன மூக்கும் கைவிட்டுவிட்டது. யொமோகியின் அடிப்புறத்தில் வெள்ளை வெளேரென்று மெல்லிய ரோமம் அப்பியிருக்கும். தொரிக்காபுத்தோ திருப்பிப் பார்த்தாலும் மொழுமொழுவென்று பச்சையாகவே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ரோமத்தின் மேல் ஒரு பித்தே பிடித்திருக்கிறது. கொழுக்கட்டை மாவு இழைந்து சேருவதற்கும் அதுவே உதவுகிறதாம். காய்ந்த இலையை எந்திரத்தில் அரைத்துச் சலித்துத் தூளைத் தள்ளினால் கடைசியில் மிஞ்சுவது அந்த ரோமம் மட்டுமே. அந்தப் பஞ்சுக்குத்தான் மொகுசா என்று பெயர். எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் இபுக்கி மலை, 1,377 மீட்டர் உயரம், மூலிகைக்குப் பெயர் போனது. அதன் அடியில் உள்ள கஷிவாபாரா, எதோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த நகாசெந்தோ பெருவழியின் 69 சாவடிகளுள் 60ஆவது. அங்கே மொகுசாக் கடைகள் வரிசையாக இருந்தன, ஹிரோஷிகே அவற்றுள் ஒன்றை ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். அரிசி அளவு பஞ்சை உருட்டித் தோலின் மேல் வைத்து ஊதுவத்தி நுனியால் பற்றவைப்பார்கள். 1689இல் வடதிசைப் பயணம் புறப்படுமுன் கவிஞர் பாஷோ, முழங்காலுக்குக் கீழே சன்ரி என்னும் இடத்தில் இப்படிச் சுட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நடைக்குக் கால் வலுப்பெறும் என்ற நம்பிக்கை.

உனக்குச் சிரிப்பு வரும். காமாலைக்கென்று உன் தாத்தா போட்ட சூட்டுத் தழும்பைக் காட்டி நீ எங்களிடம் வீரம் பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. இங்கும் ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பதற்கு ‘ஒக்யூ வைப்பது’ என்றுதான் சொல்கிறார்கள், அதாவது இந்தச் சூட்டை வைப்பது. அடம்பிடிக்கும் பிள்ளைகளை முன்பெல்லாம் அதைக் காட்டித்தான் மிரட்டுவார்களாம்.

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலில் சூடு என்ற பேச்சே வேண்டாம், அவருக்குச் சுடுவதும் தெரியாது, புண் வந்தால் ஆறவும் ஆறாது. உன் தங்கை மாசமாக இருக்கும்போது மாசிப்பத்திரிக் கஷாயமும் வீட்டுக்குள் வரக்கூடாது. நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்க உலகெங்கும் கொடுத்துவந்த மூலிகை அது. பற்று விஷயத்தில் என்னை நம்பாதே. செடியை வேரோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய்க் காட்டு.

படத்தில் நீ அனுப்பியது இலையின் மேல்புறம் மட்டுமே. அடுத்த முறை திருப்பிப் போட்டு எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மூக்கன்