ஏற்றினால் போதுமா, தேடினால் கிடைக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் முன்பின் தெரியாத ஓர் ஆய்வு மாணவி போன் செய்தார். காளை கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை முறையில் வழங்கிய சொற்களைப் பற்றிய என் ஆய்வேடு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். "சோத்கங்கா இணையதளத்தில் இருக்கிறதே அம்மா" என்றேன். "எத்தனையோ விதமாகத் தேடிவிட்டேன் சார், வரவில்லை" என்றார்.

இருக்கத்தான் செய்கிறது. நான் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே 2012-ல் பட்டம் வாங்கியவன். பட்டம் தந்த 30 நாளுக்குள் ஆய்வேட்டின் மென்பிரதியைப் பல்கலைக்கழகம் ஒப்படைக்க வேண்டும் என்பது அப்போது நடப்பிலிருந்த, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதி. அது காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். நானும் இயல் வாரியாக பிடிஎஃப் பிரித்து, சிடியில் போட்டுக் கொடுத்தேன். ஏற்றியும் விட்டார்கள்.

அப்புறம் ஏன் கிடைக்கவில்லை? அன்று எங்கள் ஊர் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்தார்கள். கண்ணுக்குத் தமிழ்தான்; கணினிக்கு அது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லை அந்த பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி வந்து நிற்கிறது. தேடுபொறிக்கு என்ன தெரியும்? தலைப்பையாவது தமிழில் போட்டார்களா என்றால், ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறார்கள். 'கவலை' என்று அதில் படிப்பவர் யாரும் ஏதோ மனக்கவலை பற்றிய ஆய்வு என்றுதான் நினைப்பார்.

நீர் அள்ளும் சால், அதன் அடியில் இருக்கும் தோல்குழாயான தும்பி, வடம், வால்கயிறு என்று ஒவ்வொரு சொல்லும் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் காளை கட்டி இறைத்த பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியது. பம்பு செட் வந்தபின் அந்தச் சொற்களுக்கு வேலை போயிற்று. சொன்னவர்களில் பலர் இப்போது இல்லை.

தமிழக அரசு 2010-லேயே, கோவைச் செம்மொழி மாநாட்டு சமயத்தில், தமிழைத் தமிழாகவே கணினி அறியச் செய்யும் யூனிகோடு குறியீட்டை ஏற்று ஆணையிட்டுவிட்டது. அது டிடிபி கடைகளுக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ஆய்வேட்டை வாங்கிக்கொள்ளும் நூலகம், பிடிஎஃபோடு யூனிகோடு கோப்பும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தலைப்பையும் குறிச்சொற்களையும் தமிழ் எழுத்திலேயே பதியலாம். பழையவற்றை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

நான் பழைய சிடியைத் தேடியெடுத்து, ராத்திரிக்கு ஓர் இயலாக மாற்றினேன். அங்கங்கே கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்ததைக் கையால் திருத்தினேன். பல்கலைக்கழக நூலகத்துக்கு எடுத்துப் போனால், "ஒருமுறை ஏற்றியதை மாற்ற வழியில்லை சார்" என்றார்கள். பழையது அப்படியே இருக்கட்டும், இதையும் பக்கத்தில் வையுங்கள் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறேன்.

சரி, அதுவரை அந்தப் பெண் காத்திருக்க வேண்டாமே என்று வாட்ஸாப்பில் கோப்பை அனுப்பிவிட்டேன். "தும்பி என்று தேடினேன் சார், 14 இடத்தில் வந்தது" என்று மறுநாள் காலையில் பதில் போட்டிருந்தார்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காங்கேயம்