அரசு போர்டுகளை அரசுக் கல்லூரி மாணவர்களிடம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்து, மக்கள் நல்வாழ்வு, கலை பண்பாட்டுத் துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். நான் டிசைன் படித்து, அதே தொழிலில் பிழைப்பவன்.

அரசு மருத்துவமனைக்கு வருகிறவர் எக்ஸ்ரே அறையைத் தேடும்போது போர்டைப் பார்ப்பதில்லை, நேராகக் காவலாளியிடம் போகிறார். போர்டு இல்லாமல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு நிறத்தில் இருக்கிறது. பேருந்தின் எல்.இ.டி. பலகையும் அப்படித்தான். புள்ளிகள் போதாமல் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றுபோலவே தெரிகின்றன. தமிழைப் புள்ளிக் கட்டத்துக்குள் அடக்குவது தனி வேலை. எழுத்தின் உடம்பு தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். விலை குறைத்து டெண்டர் எடுத்தவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆனால் அந்த வேலையைச் சொல்லித்தரும் கல்லூரி உங்களிடமே இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளிதான் இன்று சென்னை பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. ஓவியம், சிற்பத்தோடு விஷுவல் கம்யூனிகேஷன், துணி, பீங்கான் வடிவமைப்பும் அங்கே பட்டப்படிப்புகள். கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு.

ஊருக்கான வேலை அந்தப் பட்டறைக்குப் புதிதல்ல. ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1890களின் கடைசியில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தது அங்கேதான். 1900இல் அது தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. (நம் வீட்டு அலுமினியக் குண்டானுக்கும் ஓவியப் பள்ளிக்கும் இப்படி ஓர் உறவு!) மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான்.

மாணவர்களை நம்பலாமா என்று கேட்பீர்கள். 2010இல் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் அப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டுப் போனவர்.

இல்லாத ஜூஸ் கம்பெனிக்கு லேபிள் போடுவது டிசைன் வகுப்புகளில் வழக்கமான அசைன்மெண்ட். அதன் இடத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு மருத்துவமனையைக் கொடுங்கள். மாணவர்கள் புறநோயாளிகள் வரிசையில் நிற்கட்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களிடம் மாதிரிப் போர்டுகளைக் காட்டிப் பார்க்கட்டும், தோற்றதை அழித்துவிட்டு மறுபடி வரையட்டும். மாணவர் வேலையை மதிப்பிட அந்தக் கூட்டத்தைவிடக் கறாரான ஜூரி எந்தக் கல்லூரியிலும் அமையாது.

தயவுசெய்து இதைப் போட்டியாக்கி, சான்றிதழும் சால்வையும் கொடுத்து முடித்துவிடாதீர்கள். வேலைக்குக் கூலி கொடுங்கள். வழிநடத்தும் ஆசிரியருக்கு இதைப் பாடவேளையாகக் கணக்கிடுங்கள். முடிந்த வடிவத்தை ஒப்பந்ததாரர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று ஆணையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் பழைய எட்டு நிறமும் திரும்பி வரும்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு மருத்துவமனை, ஒரு பேருந்துத் தடம் போதும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு டிசைனர்