மேடைக்கான பணத்தைப் பற்றி மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நம் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த முறை மழை ஏமாற்றவில்லை.

ஷார்ஜாவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்த பணத்தில், மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு பெரிய மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, போதையிலிருந்து மீண்டு வந்த ஒருவரைப் பேச வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் உறுதிமொழி எடுக்கச் செய்யலாம் என்று எழுதியிருந்தாய். ஊரை விட்டு அவ்வளவு தூரம் போன பிறகும் இங்குள்ள பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படும் உங்கள் மனத்தைக் கண்டு எனக்கும், பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்க நாங்கள் சேர்ந்திருக்கும் குழுவில் உள்ள மற்ற தாய்மார்களுக்கும் பெரிய மகிழ்ச்சி. ஆனால் எல்லாரும் கூடிப் பேசிய பிறகு அவர்கள் சார்பில் நான் எழுதுவது இது: மேடை வேண்டாம், கண்ணு. அந்தப் பணம் எங்களுக்கு வேறு வகையில் மிகவும் தேவைப்படுகிறது.

பேச்சையும் உறுதிமொழியையும் நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ணாதே. ஆயினும் ஒரே நாளில் நடந்து முடியும் கூட்டமும், பயமுறுத்தும் படங்களும், முன்பு போதைக்கு அடிமையாயிருந்தவர் தம் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வதும் பெரிய பலன் தருவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு மறுத்துச் சொல்லும் திறனைத் தொடர்ந்து பழக்குவதும், பெற்றோருக்கு வளர்ப்பில் துணை நிற்பதும் பலன் தரும் என்பதையும் அவையே சொல்கின்றன. வகுப்பறையில் இத்தனை ஆண்டு நின்றவள் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, மேடையில் நிற்பவர் பிழைத்து வந்துவிட்டார் என்பதைத்தான் முதலில் பார்க்கும்.

எங்களைக் குழுவாகச் சேர வைத்தது பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறும் அக்காதான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டை நீட்டும்போது மற்றக் கையில் ஒரு கைக்குட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான். அதன் ஒரு மூலை மட்டும் காய்ந்து மஞ்சளாக விறைத்திருந்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை அடித்தது. மூக்கைச் சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. அந்த அக்கா அவனை வரிசையில் வைத்துக் கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பாத்திரம் கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய், வீட்டில் இப்போது யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அப்பா கோயம்புத்தூரில் கட்டட வேலை. அம்மா கஞ்சிக்கோட்டில் கம்பெனி ஷிப்ட். நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் இரவு ஒன்பதுவரை வீட்டில் எவரும் இல்லை. நம் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது உனக்கே தெரியும்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருள்களைப் பயன்படுத்துவோர் 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம் என்றும், பெரியவர்களில் 0.58 சதவீதம் என்றும் கண்டிருந்தார்கள். பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருப்பது இந்த ஒரு வகைதான். நாமோ கஞ்சா என்றும் வாளையார் சோதனைச்சாவடி என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் வரும் கஞ்சா பாலக்காட்டில் பிடிபடுவது உண்மை. அதைப் பிடிக்க எக்சைஸ் துறையும் ரயில்வே போலீசும் இருக்கிறார்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் பஞ்சர் சொல்யூஷன் டியூபை எந்தச் சோதனைச்சாவடியும் நிறுத்தாது. அதை அந்த அக்காவைப் போன்றவர்கள்தான் காண முடியும்.

ஆகவே எங்கள் குழு முதலில் எடுத்துக்கொண்டது நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை. கோயில் திடலில் வாலிபால் வலை கட்டியிருக்கிறோம். குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் முறை வைத்துச் சுண்டலும் கட்டன் காப்பியும் கொண்டுவருகிறார்கள். வாசகசாலையின் பின்னறையில் நானும் ஓய்வுபெற்ற இன்னொரு ஆசிரியையும் பாடம் சொல்லித் தருகிறோம். விளக்கு இல்லாததால் ஆறரை மணிக்கெல்லாம் திடல் காலியாகிவிடுகிறது என்பதுதான் பெரிய குறை. இருட்டிய பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதே எங்கள் கவலை. ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியவர்கள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. அங்கு பிள்ளைகளிடம் தவறாமல் கணக்கெடுத்து, விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்குப் பண உதவி தந்து, பெற்றோரே மாலையில் தெருக்களில் நடந்து பார்த்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த அளவு பணம் இல்லை. ஆனாலும் மாலையில் தெருவில் நடக்க நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அட்டப்பாடியை மறந்துவிடாதே. அங்குள்ள ஊர்களின் ஆதிவாசிப் பெண்கள் தாய்க்குல சங்கமாகக் கூடிக் கள்ளச்சாராயத்தை எதிர்த்து நின்றார்கள். அட்டப்பாடியில் மதுவிலக்கு இருந்தும், ஆனைக்கட்டியில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுக்கடை இருந்ததால், அதையும் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. எல்லையில் வாழும் நமக்கு இது தினசரி அனுபவம். கேரளத்தில் 23 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்த வரம்பு 21. எல்லையில் இருக்கும் கோபாலபுரத்தைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுகிறது, பையன் மாறுவதில்லை. அதனால் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களையும் எங்கள் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டோம்.

குழுவில் சிலர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கோஷம் போட வேண்டும் என்றார்கள். நான் இணங்கவில்லை. சித்தூர் வட்டாரத்தில் மரமேறும் குடும்பங்கள் நம் அண்டை அயலார். அவர்களைப் பகைத்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் திடலுக்கு வரமாட்டார்கள். மாறாக, பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி ஏழாண்டுவரை சிறை என்பவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கடை கடையாக நேரில் போய்க் கொடுத்தோம். மருந்துக்கடைக்காரர்களிடமும் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர்கள் தங்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்றார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது. பேர் கெட்டுவிடும், போலீஸ் வந்துவிடும் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது: போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தப்படாது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இதைக் கேட்டதும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, 14405 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம், மத்திய அரசின் 14446-உம் உண்டு. ஆனால் எங்கள் கைக்கு வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே இருப்பதால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் வீடுகளுக்கு இவை எட்டுவதில்லை. கூட்டத்தில் கேட்ட எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே போகக் கூடாது என்பதை மட்டும் நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். அதை மீறிய ஒருவரை, நெருங்கிய உறவு என்றும் பாராமல், விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

உங்கள் பணத்தில் திடலுக்கு இரண்டு கம்பமும் விளக்கும் முதலில் வேண்டும். அடுத்து, சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும் துணைக்குப் போகும் தாய்க்கும் பஸ் செலவும், அன்றைய கூலி இழப்புக்கு ஒரு தொகையும் வேண்டும். கூலி போய்விடும் என்பதற்காகவே இரண்டாம் முறை போகாமல் நின்றுவிடுகிறார்கள். மிஞ்சினால் தமிழில் துண்டறிக்கை அச்சடிக்கலாம். நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று உன் நண்பர்கள் விரும்பினால், அதை விளக்குக் கம்பத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல். சிகிச்சைச் செலவுக்கு எந்தப் பெயரும் வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது திடலுக்கு வருகிறான். எல்லா நாளும் வருவதில்லை. வராத அன்று சாப்பாட்டு அக்கா அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

கம்பத்துக்கான மதிப்பீட்டை வார்டு மெம்பர் மின்வாரியத்தில் கேட்டிருக்கிறார். வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் விளக்கு எரிய வேண்டும் என்பதால், நண்பர்களிடம் பேசி இந்த வாரமே பதில் எழுது.

அன்புடன்,
அம்மா