எங்கள் சால்காரர்களுக்கு

மும்பை தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், சுகாதாரப் பணியாளரான ஆஷா தாயிக்கும் வணக்கம்.

போன மழைக்காலம் முழுக்க என் மகனை ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. இதை எழுதாதே, கண்பட்டுவிடும் என்று அம்மா அதட்டுகிறாள். இருக்கட்டும்.

அவனுக்கு அரிவாள் செல் சோகை. சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அப்போது வரும் வலியை, "எலும்புக்குள்ளே குடையுதும்மா" என்பான். வெறும் கால்வலி என்று மாத்திரை கொடுத்தே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? அந்தக் 'குடைச்ச'லை மராத்தி டாக்டருக்குப் புரியவைத்தது நாகர்கோவில் சிஸ்டர்தான். அப்புறம்தான் ரத்தத்தைச் சோதித்தார்கள்.

"இது கட்சிரோலி, நந்துர்பார் பக்கத்து நோயாச்சே?" என்று லேபில் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டும் மகாராஷ்டிரத்தில் பழங்குடியினர் அதிகமுள்ள மாவட்டங்கள். எங்கள் பூர்வீகம் நீலகிரி. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே அங்கேதான், 1952-இல். அதையும் சிஸ்டர்தான் சொன்னார்.

இப்போது தினமும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து சாப்பிடுகிறான். கூடவே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நம் சந்தில் அது லேசா? குழாய் வராத நாளில் எதிர்வீட்டு ஆயி தன் குடத்திலிருந்து முதலில் இவன் பாட்டிலைத்தான் நிரப்புவார். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறான் என்று பள்ளியில் வெளியே நிறுத்தினார்கள். டியூஷன் தம்பி நேரில் போய், இந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாது என்று விளக்கினார். இப்போது பாட்டில் அவன் பெஞ்சிலேயே இருக்கிறது.

ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்கிய அந்த ராத்திரி, கபடி ஆடிய கோலத்தோடே ஓடிவந்தீர்களே தம்பிகளா! ஒருவர் முழங்காலில் மண்கூடக் காயவில்லை. நர்ஸ் திட்டி, கழுவிவிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து அப்புறம்தான் படுக்கவைத்தார்.

இந்த நோயை ஒழிக்க 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிப்பதாக இலக்கு. பழங்குடி மக்கள் அதிகமுள்ள பகுதிகளுக்குத்தான் அதில் முதலிடம், அதுதான் நியாயமும். நம் முறைக்குக் காத்திராமல் ஆஷா தாயி அலைந்து, கோயில் கூடத்தில் முகாம் போடவைத்தார். ஒரு துளி ரத்தத்தைக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட காகிதத்தைப் பிடிக்கிறார்கள். கோடு தெரிந்தால் சரி. கலங்கி மறைந்தால் அடுத்த சோதனை.

என் நாத்தனார் மகளுக்குக் கோடு மறைந்தது. அடுத்த சோதனையில் அவளுக்கு நோய் இல்லை, நோய்க்கான மரபணுவைச் சுமப்பவள் மட்டுமே என்று தெரிந்தது. கல்யாண வயது, ஊர் வாய் என்ன சொல்லுமோ என்று எங்களுக்கு நடுக்கம். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள். அடுத்த நாள் வரிசை நீண்டதற்கு அவள்தான் காரணம்.

ஆயிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாராவது படித்துச் சொல்லுங்கள். அவருடைய சின்னக் குடம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் மகனிடம் நிரப்பியே கொடுத்தனுப்புகிறேன்.